மூன்றாவது வரிசையில் வெள்ளை ஏப்ரன்

சின்சினாட்டி, ஓஹையோ
1937 பிப்ரவரி 20

அன்புள்ள வெல்லா அக்காவுக்கு,

உன் தம்பி கிளியோ எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் குரலும் இரண்டு கால்களும் இன்னும் வேலை செய்கின்றன. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ வேலை பார்க்கிற அந்தப் பிரெண்டிஸ் வீட்டு மாடிப்படியைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறாதே என்று எத்தனை தடவை சொல்வது?

நல்ல சேதி ஒன்று. ஏப்ரல் பத்தாம் தேதி, சனிக்கிழமை பகல் ஆட்டம், நம் வெதர்பி ஊரில்! ரோஸ்மாண்ட் தியேட்டர்! எங்கள் கம்பெனியின் வெள்ளைக்கார முதலாளி டெக்ஸ்டர் மாலோய்தான் நாயகர். நான் அவருக்குப் பின்னால் பெட்டி தூக்கி வருகிற தூங்குமூஞ்சி. சுவரொட்டியில் என் பெயர் இருக்காது, 'தூங்குமூஞ்சி' என்றுதான் இருக்கும். ஆனால் நடுவில் நான்கு நிமிஷம் எனக்கே எனக்கு. தனியாக ஆடிப் பாடுவேன். அதை நீ பார்க்க வேண்டும் அக்கா. பதினோரு வருஷமாக மேடையில் இருக்கிறேன், நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்கு ரத்த சொந்தம் என்று மிச்சமிருப்பது நீ ஒருத்திதான்.

மற்றபடி வழக்கம்போலத்தான். பிறவிக் கறுப்பு போதாதாம், சுட்ட கார்க்கைக் கரைத்து மேலே ஒரு பூச்சு பூசச் சொல்கிறார்கள். உதட்டைச் சுற்றி வெள்ளை. அழித்தாலும் காதுக்குப் பின்னால் கரி நாற்றம் போவதில்லை. போன வாரம் ஓர் ஓட்டலில் பெரிய மனிதர்களின் விருந்துக்கு ஆடினோம். பரிமாறுகிறவனிடம் தண்ணீர் கேட்டேன், கொடுத்தான். குடித்துவிட்டுக் கண்ணாடி டம்ளரைத் திருப்பிக் கொடுத்ததும், என் கண்ணெதிரிலேயே குப்பைத் தொட்டி விளிம்பில் தட்டி உடைத்துப் போட்டான். கோபமாக உடைத்திருந்தால்கூடத் தேவலை. ஈ ஓட்டுகிறவன் மாதிரி உடைத்தான். சீ!

நீ வருவாய் என்று எழுது.

உன் அன்புத் தம்பி,
கிளியோபஸ்


வெதர்பி, அலபாமா
மார்ச் 3

அன்புத் தம்பி கிளியோவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்காலும் தன் பாட்டுக்கு என்னைத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறது. குளிர்காலத்தில் உனக்குப் பிடிக்கிற சளிக்கு நெஞ்சில் எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பாட்டுக்காரன் என்ற பவிசில் விட்டுவிட்டாயா?

உன் கடிதத்தைச் சபையில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு நேராக ரோஸ்மாண்டுக்குப் போய் டிக்கெட் கேட்டேன். நீ ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று, உனக்குத் தெரியாது. மாடியில் நமக்கென்று கிடந்த பெஞ்சுகளைப் போன வருஷம் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அங்கே இப்போது படம் காட்டும் மெஷின். டிக்கெட் கொடுக்கிற பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "உங்க ஆளுங்களுக்கு இங்க இடமில்ல. வேணும்னா ஆட்டம் முடிஞ்சப்புறம் பெருக்க வா. எல்லா நாற்காலியையும் நல்லாப் பாத்துக்கலாம்."

அவள் சின்ன வயதில் நம் தெருக் கிணற்றில் தண்ணீர் கேட்டுக் குடித்தவள். போகட்டும்.

உன் மாலோயிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், துடைப்பத்தோடு துடைப்பமாக நிற்கிறேன். நாலு நிமிஷம்தானே! என் தம்பி ஆடுவதைப் பார்க்க எனக்கு நாற்காலியும் வேண்டாம்.

உன் அக்கா,
அர்வெல்லா


லூயிவில், கென்டக்கி
மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். சளி போய்விட்டது.

மாலோயிடம் கேட்டேன். முடியாதென்று சொல்லிவிட்டார். திரைக்குப் பின்னால் வெளியாட்கள் நிற்கக் கூடாதாம். என்ன செய்ய, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நான் கொடுத்த புது வேடிக்கை ஒன்று ஊர் ஊராகப் பிய்த்துக்கொண்டு போகிறது. மாலோய் என்னைத் தோளில் தட்டி, "டேய், உன் மண்டைக்குள்ளயும் என்னமோ இருக்குடா!" என்றார். என்ன வேடிக்கை என்று எழுத மாட்டேன். எழுதினால் அதில் ருசி இருக்காது.

ஏப்ரல் ஐந்திலிருந்து எட்டு வரை நாஷ்வில்லில் இருப்போம். நம்மவர்கள் தங்குகிற மிசஸ் டக்கெட் விடுதிக்கு எழுது.

உன் தம்பி,
கிளியோ


வெதர்பி
ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

உடம்பும் மனசும் நலம். இன்று முழங்கால்கூட வலிக்கவில்லை. ஏன் தெரியுமா? நான் வரப்போகிறேன்!

உன் மாலோய் கதவைச் சாத்தினால் என்ன, ஆண்டவர் ஜன்னலைத் திறந்தார். பிரெண்டிஸ் வீட்டுக் குட்டி கொரின் இருக்கிறாளே, ஆறு வயது, சுவரொட்டியைப் பார்த்ததிலிருந்து "போணும், போணும்" என்று தரையில் உருள்கிறாள். அம்மாக்காரிக்கு அன்றைக்குச் சீட்டாட்டம். "வெல்லா, நீ கூட்டிட்டுப் போயேன்" என்றாள். நான் ரொம்பச் சலித்துக்கொள்கிறவள் மாதிரி, "என்னம்மா, துணி கிடக்குதே" என்றேன். "துணி எங்கயும் ஓடாது, போ" என்றாள். நடிப்பு நம் குடும்பத்தில் உனக்கு மட்டுமா வரும்?

வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் கட்டாயம் போட வேண்டும், அப்போதுதான் உள்ளே விடுவார்கள். வேடிக்கையைப் பார் கிளியோ. நான் தனியாகப் போனால் கறுப்பி. ஒரு வெள்ளைக் குழந்தை மடியில் ஏறிவிட்டால் நான் நாற்காலி. நாற்காலிக்கு எந்த வரிசையிலும் இடம் உண்டு. மூன்றாவது வரிசை, நடுப் பாதையை ஒட்டி. நினைத்தாலே அவமானம். ஆனால் உன் நாலு நிமிஷத்துக்காக அதையும் விழுங்கிக்கொள்வேன். ஏப்ரனை இரண்டு தடவை இஸ்திரி போட்டுவிட்டேன்.

என் பக்கம் பார்க்காதே. பார்த்தால் அழுதுவிடுவேன். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா, கோழி பொரித்து வைக்கிறேன்.

உன் அக்கா,
வெல்லா


சட்டனூகா, டென்னஸி
ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வெதர்பி ஆட்டம் நடந்தது. நல்ல கூட்டம். வீட்டுக்கு வர நேரமில்லை, ஆட்டம் முடிந்ததும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். நாஷ்வில்லில் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டோம். அங்கே எனக்கு ஏதாவது எழுதியிருந்தால் அது கிடைக்கவில்லை.

இங்கே மழை. செருப்பில் ஓட்டை.

உடனே பதில் போடு. ஒரு வரியாவது.

கிளியோ


மேக்கன், ஜார்ஜியா
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. சுகமில்லையா? முழங்காலா?

உன் ஏப்ரல் ஐந்தாம் தேதிக் கடிதம் மூன்று ஊர் சுற்றி இன்று காலைதான் கைக்கு வந்தது. கோழி பொரித்து வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மறுபடி வாசிக்க முடியவில்லை.

நான் உன்னைப் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதவில்லை, பார்த்தேன் என்றும் எழுதவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

மாலோய் கையைக் காட்டினார். விளக்குக்காரன் வெளிச்சத்தை உன்மேல் திருப்பினான். "டேய் தூங்குமூஞ்சி, முப்பது வயசாச்சு, ஒரு கல்யாணம் வேணாமா? அதோ மூணாவது வரிசையில வெள்ளை ஏப்ரன்ல ஒருத்தி உக்காந்திருக்கா, கட்டிக்கிறியா?" என்றார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தேன். பார்த்தால் நீ. மடியில் அந்தக் குட்டி.

அந்த நேரத்தில் நான் வேறு என்ன செய்திருக்க முடியும் சொல்? "இவ என் அக்கா" என்று சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்கும். ஏமாற்றி உள்ளே வந்தாய் என்று தெருவில் இழுத்துப் போட்டிருப்பார்கள். சும்மா நின்றிருந்தால் மாலோய் அதைவிடக் கேவலமாக ஏதாவது சொல்லியிருப்பார். உனக்காகத்தான் சொன்னேன். அதோடு நீ சிரித்தாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன். அதனால் நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

பதில் எழுது.

உன் கிளியோ


சவன்னா, ஜார்ஜியா
ஜூன் 11

அக்காவுக்கு,

பதில் இல்லை. சரி, எனக்கு அது புரிகிறது.

உடம்பு விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உனக்காகத்தான் சொன்னேன் என்று எழுதினேனே, அது பொய். உன் முகத்தைப் பார்த்த பிறகும் வாய் தானாகச் சொல்லியது. "எஜமான், ஊர்ல நம்ம கோவேறு கழுதை எனக்காகக் காத்துக்கிட்டிருக்குங்க. அது இதவிட அழகு. எதுத்தும் பேசாது." ஒரு எழுத்துப் பிசகவில்லை. கைதட்டலுக்காக நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தினேன். நானூறு பேர் சிரித்தார்கள். அந்த ஒரு நொடி, அக்கா, எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இதை எழுதும்போது என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

இன்னும் கேள். அந்த வேடிக்கை என்னுடையது. மார்ச்சில் நான் எழுதாமல் விட்டது அதுதான். எந்த ஊர் ஆட்டத்திலும் முன் வரிசைகளில் குழந்தையோடு ஒரு ஆயா இருப்பாள், நம்மவள், எதிர்த்துப் பேச முடியாதவள். அவளை வைத்துச் சிரிக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். எந்த ஊரிலும் அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஏப்ரனைத்தான் பார்ப்பேன்.

இன்னும் ஒன்று. உனக்காக மாலோயிடம் நான் கேட்கவே இல்லை. நான் அவர் முன்னால் பல்லிளிப்பதைத் திரைக்குப் பின்னால் நின்று நீ பார்ப்பாயே என்று கூச்சம்.

போன வாரம் அவரிடம் போய், "அந்தக் கழுதை வேடிக்கைய விட்டுடலாங்க" என்றேன். "ஏன்டா?" "நல்லா இல்லைங்க." "நல்லா இல்லையா? அது என்ன உன் அப்பன் சொத்தா, மேடை என்னோடது. ரேடியோக்காரங்களே அதத்தான் கேக்கறாங்க" என்றார். மற்ற கம்பெனிக்காரர்களும் அதைத் திருடிச் செய்கிறார்களாம். நான் வாந்தி எடுத்ததை ஊரெல்லாம் தட்டில் வைத்துப் பரிமாறுகிறார்கள்.

கிளியோபஸ்


வெதர்பி
ஜூலை 9

கிளியோவுக்கு,

கடிதங்கள் வந்தன. நலம். மழை இல்லை, அவரைக்கொடி காய்ந்துவிட்டது. சபைக் கூரையை மாற்றினார்கள். நீ எப்போதோ விட்டுப்போன இரண்டு சட்டைகளைப் பட்டன் தைத்து அனுப்பியிருக்கிறேன். நாஷ்வில் போகும்போது மிசஸ் டக்கெட் விடுதியில் கேட்டு வாங்கிக்கொள்.

அர்வெல்லா


செயின்ட் லூயிஸ், மிசூரி
ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டைகள் கிடைத்தன. ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நன்றி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நான் இப்போது மாலோய் கம்பெனியில் இல்லை. தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. மெம்பிஸில் பகல் ஆட்டம். இரண்டாவது வரிசையில் ஒரு சின்னப் பெண், பதினேழு வயது இருக்கும், மடியில் கைக்குழந்தை. விளக்கு அவள்மேல் விழுந்தது. வேடிக்கை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது போல. நான் வரியைச் சொல்வதற்கு முன்பே அவள் சிரிப்பதற்கு வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு எழவில்லை.

"டேய், உன்னத்தான் கேக்கறேன்! கட்டிக்கிறியா?" என்றார் மாலோய். நான் நின்றேன். மறுபடி கேட்டார். நின்றேன். பளாரென்று ஓர் அறை. அதற்கும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே என் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார்கள். மறுநாள் வேறு ஒருவனுக்குக் கரியைப் பூசி, அதே தொப்பியை வைத்து, அதே வரியைச் சொல்லவைத்தார்களாம். அவனும் நம்மவன்தான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்தத் தொப்பியின் நாற்றம் மட்டும் மூக்கில் வந்தது.

இப்போது ஓர் ஓட்டல் சமையலறையில் தட்டு கழுவுகிறேன். முகத்தில் சோப்பு நுரை தவிர ஒன்றும் இல்லை.

கேட்க வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வரலாமா? வரக் கூடாதென்றால் அதையாவது எழுது. உன் எழுத்தைப் பார்த்தால் போதும்.

உன் தம்பி,
கிளியோ


வெதர்பி
செப்டம்பர் 14

தம்பி கிளியோவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஜூலையில் எழுதியது கடிதமில்லை, மூட்டையோடு அனுப்பிய சீட்டு. எனக்கும் அது தெரியும். உள்ளே இருந்ததை எழுத அப்போது கை வரவில்லை. இன்று வருகிறது, கேட்டுக்கொள்.

நீ சிரித்தாய், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன் என்று எழுதினாயே, அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். போட்ட பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. நான் ஏன் சிரித்தேன் என்று உனக்குத் தெரியாதா? நானூறு வெள்ளை முகம் திரும்பி என்னைப் பார்க்கிறது. சிரிக்காவிட்டால் 'முறைக்கிறாள்' என்பார்கள். முறைத்தவள் நாளைக்கு எந்த வீட்டில் வேலை செய்வாள்? நீ மேடையில் சிரித்த அதே சிரிப்புத்தான்டா. உனக்கு அதற்கு ஆட்டமும் பாட்டும் கூடத் தெரியும், எனக்கு அதுவும் தெரியாது. வெறும் பல்லைக் காட்டினேன். அதற்கப்புறம் வந்த உன் நாலு நிமிஷம் என் கண்ணில் ஏறவே இல்லை. நீ நன்றாக ஆடினாயா, என்ன பாடினாய், ஒன்றும் ஞாபகமில்லை. அன்று பொரித்த கோழியை அப்படியே பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் முன்பே எழுதியிருப்பேன். முடியவில்லை. கொரின் குட்டிக்கு அந்த வேடிக்கை மனப்பாடம். குளிக்கும்போது, சாப்பிடும்போது, "கழுத இதவிட அழகு! எதுத்தும் பேசாது!" என்று கத்துவாள். ஆறு வயதுக் குழந்தையை என்ன சொல்ல? ஜூன் மாதம் ஒரு விருந்து. ஆறு பேர் மேசையில். நான் கோழியும் சோளமும் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். பிரெண்டிஸ் அம்மா கூப்பிட்டாள்: "வெல்லா, தட்ட வச்சிட்டு இங்க வந்து நில்லு. கொரின் அந்தக் கழுத வேடிக்கையைச் செஞ்சு காட்டப்போறா. நீ நின்னாத்தான் நல்லா இருக்கும்."

நின்றேன். குட்டி நாற்காலிமேல் ஏறி, உன்னை மாதிரியே கண்ணைச் சுருக்கி, உன்னை மாதிரியே நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னாள். நல்ல பிள்ளை, எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கிளியோ. மறுபடியும் சிரித்தேன்.

அப்போது ஒரு பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தூங்குமூஞ்சிப் பய நம்ம ஊர்க்காரனாமே? ஸ்டேஷன்ல யாரோ சொன்னாங்க. வெல்லா, உனக்கு அவனத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்கய்யா. நான் அவனப் பாத்ததே இல்ல" என்றேன்.

நினைத்துப் பார்க்கக்கூட நேரம் எடுக்கவில்லை. வாய் தானாகச் சொல்லியது. உன் ஜூன் கடிதத்தில் அதே வார்த்தைகளை நீ எழுதியிருந்தாய். என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறதென்று நீ எழுதினாய், எனக்கு நாக்கு. ஆக, நீ நானூறு பேர் முன்னால் என்னை விட்டாய், நான் ஆறு பேர் முன்னால் உன்னை விட்டேன். யார் பெரிய பாவி என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர்கள் யாருக்கும் அன்று சாப்பாடு இறங்காமல் போகவில்லை. நம் இரண்டு பேருக்குத்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இந்த மாதம் பிரெண்டிஸ் வீட்டு வேலையை விட்டுவிட்டேன். வீராப்பு ஒன்றும் இல்லை, முழங்கால் என்று சொல்லி விட்டேன். துணி வாங்கி வந்து வீட்டில் வெளுக்கிறேன்.

வா. வழிச் சோறு கட்டிக்கொள், ரயிலில் நமக்கு எதுவும் தர மாட்டார்கள். உன்னைத் திட்ட மாட்டேன், அழவும் மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. வந்து ஒரு வாரம் இந்த வீட்டுக்குள் யாரும் சிரிக்கக் கூடாது. நீயும் கூடாது, நானும் கூடாது. நம் முகங்கள் தானாக எப்படி இருக்கும் என்று நான் பார்க்க வேண்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
அர்வெல்லா